உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு ஒரு தேசியக் கொள்கை: தரப்பட்டியலைத்தான் கேட்க வேண்டுமா?

கேள்வி: கொட்டகலை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகளில் கல்வித்துறையைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி, இலங்கையில் வெளிவரும் ஆய்விதழ்களின் வளர்ச்சிக்கு அரசாங்கம் ஒரு தேசியக் கொள்கையை வகுக்க வேண்டும் எனக் கோரும் முன்மொழிவு ஒன்றைத் தயாரித்து வருகிறோம். எழுத உட்கார்ந்ததுமே எங்களுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்தியாவில் இருந்ததைப் போல அரசாங்கமே ஏற்புடைய இதழ்களின் பட்டியலொன்றை வெளியிட்டால் போலி இதழ்கள் ஒழிந்து நல்லவை தாமாகவே மேலெழும் என்பது ஒரு சாராரின் வாதம். பட்டியல் என்று ஒன்று வந்தால் முதலில் அடிபடுபவை தமிழில் வரும் இதழ்கள்தாம் என்பது மறுசாராரின் அச்சம். நான் இரண்டாவது பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பவன். எனினும் அச்சத்தை மட்டும் வைத்து ஒரு முன்மொழிவை எழுதிவிட முடியாது.

எங்கள் கவலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், தோட்டப்புறப் பாடசாலைகளில் தரம் 9க்கும் 11க்கும் இடையில் பிள்ளைகள் இடைவிலகுவதைப் பற்றித் தமது முதுமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்தார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மலைக்குப் போன தாய்மார் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும்வரை காத்திருந்து எடுத்த நேர்காணல்கள் அதில் இருந்தன. அதைக் கட்டுரையாக்க முனைந்தபோது, தமிழில் எழுதினால் எங்கும் கணக்கில் வராது, ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றே அனைவரும் ஆலோசனை கூறினர். ஆங்கிலத்தில் எழுதியதை வெளிநாட்டு இதழொன்று, பொருள் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உரியது என்று திருப்பியனுப்பிவிட்டது. இன்று அந்த ஆய்வு நூலகத்தில் கட்டப்பட்ட ஒரு தொகுதியாகக் கிடக்கிறது. அதை வாசித்திருக்க வேண்டிய அதிபர்களும் வலயக் கல்விப் பணிமனையினரும் அப்படி ஒன்று இருப்பதையே அறியார்கள்.

ஆகவே, பிற நாடுகள் தங்கள் உள்நாட்டு இதழ்களை வளர்க்க என்ன செய்தன, அவற்றில் எது பலித்தது, எது பிழைத்தது என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். தமிழில் ஓர் அரையாண்டிதழைத் தொடங்கும் எண்ணமும் எங்களுக்கு உண்டு. கொள்கை வரும்வரை அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பேராதனை நூலகர்

ஐயா, கேட்பதற்கு முன் கையில் இருப்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. 2008இல் இன்ஸ்ப் என்ற பிரித்தானிய அமைப்பின் உதவியுடன் தொடங்கப்பட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தால் நடத்தப்படும், உள்நாட்டு ஆய்விதழ்களை இணையத்தில் தரும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் நமக்கு இருக்கிறது. அதில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் நிலையான அடையாளமாக இடப்படும் டிஓஐ இலக்கங்கள் 10.4038 என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதழ்களுக்குரிய பன்னாட்டு அடையாளமான ஐஎஸ்எஸ்என் இலக்கம் வழங்குவதும் அதே மன்றம்தான். இன்ஸ்ப் அமைப்பும் ஆபிரிக்க இதழ்களுக்கான தளமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட, இதழ்களின் வெளியீட்டு நடைமுறைகளை அளக்கும் ஜேபிபிஎஸ் என்ற அளவுகோலின்படி இத்தளத்து இதழ்கள் மதிப்பிடப்பட்டு, செயலற்ற இதழ், புதிய இதழ், நட்சத்திரம் பெறாதது என்பதில் தொடங்கி மூன்று நட்சத்திரம்வரை நிலைகள் தரப்பட்டன. ஆகவே தர மதிப்பீடு நமக்கு முற்றிலும் அந்நியமான விடயமல்ல. அதிலும் இந்த அளவுகோலின் நல்ல அம்சம், அடுத்த நிலைக்குப் போக இன்னும் எதைச் செய்ய வேண்டும் என்பதை இதழுக்கே எடுத்துச் சொல்வது.

வரலாற்றையும் பாருங்கள். டிரொபிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட் 1881இல் தொடங்கியது. பிற்காலத்தில் விவசாயத் திணைக்களத்தின் பொறுப்புக்கு வந்து இன்றும் வெளிவருகிறது. சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது. உங்கள் தலவாக்கலையிலேயே, 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பல பத்தாண்டுகளாகத் தன் ஆய்விதழை வெளியிட்டுவந்திருக்கிறது. இந்த இதழ்களையெல்லாம் தாங்கி நின்றது, இதழ் வேலையைத் தன் அன்றாடப் பணிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனம். எழுத்தர் இருந்தார், அச்சுக்குப் பணம் இருந்தது, இதழாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்தவர் வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். மாறாக, ஓர் ஆர்வலரின் தோளில் மட்டும் நின்ற இதழ்கள் அவர் ஓய்வுபெற்றதும் மூன்றாம் இதழிலோ நான்காம் இதழிலோ நின்றுவிட்டதை எங்கள் அடுக்குகளில் நாள்தோறும் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். இதழ்களுக்கான கொள்கை என்ற பெயரில் ஆவணம் இல்லாவிட்டாலும், நடைமுறையில் ஒரு கொள்கை ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பதவியுயர்வுச் சுற்றறிக்கைகளும் ஆய்வுக் கொடுப்பனவுக்கான விதிகளுமே அந்தக் கொள்கை. அவை கட்டுரை எழுதுபவரை மையமாகக் கொண்டவை. பிறருடைய கட்டுரையைப் பதினைந்து நாள் உட்கார்ந்து திருத்தி, அதன் தரத்தைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளரைத் தேடிப்பிடித்து, அவருக்கு நினைவூட்டல் கடிதம் எழுதி இதழைக் கொண்டுவருபவருக்கு அவற்றில் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம். என் பார்வையில் உங்கள் முன்மொழிவு தொட வேண்டிய முதல் இடம் இதுதான்.

பதில்: பதுளை விரிவுரையாளர்

நூலகர் அம்மா கூறியதை வழிமொழிந்து, பட்டியல் பற்றிய பகுதிக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன்.

இந்திய அனுபவத்தை முழுமையாகப் பார்த்தால் உங்கள் முதல் சாராரின் உற்சாகம் குறையக்கூடும். அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஏற்புடைய இதழ்களின் நீண்ட பட்டியலொன்றை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்தவையெல்லாம் உள்ளே நுழைந்திருந்தபடியால், 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்க வேண்டி வந்தது. அதன் பின்னர் கேர் என்ற பெயரில், புனே பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவை அமைத்து, 2019இல் புதிய பட்டியலைக் கொண்டுவந்தார்கள். 2025 பெப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழைத் தெரிவுசெய்வதற்கான அளவுகோல்களை மட்டும் வெளியிட்டு, பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள். பட்டியல் இருந்த காலத்தில் அதிலுள்ள இதழ்களின் பெயரையே வைத்துப் போலி இணையத்தளங்கள் தோன்றிப் பணம் பறித்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு முத்திரைக்கு மதிப்பு வந்தவுடன் முத்திரையைத் திருடுபவனும் வந்துவிடுகிறான்.

இந்தோனேசியா வேறு வழியில் போனது. 2012இல் பட்டம் பெறுவதற்கே கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்தது. 2017இல் சிந்தா என்ற தேசியச் சுட்டித் தளம் தொடங்கி, இதழ்களை ஆறு படிகளாகத் தரப்படுத்தினார்கள். விளைவாக உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் திறந்த அணுகல் இதழ்களை, அதாவது யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய இதழ்களை, நடத்தும் நாடுகளில் ஒன்றாக அது மாறியது. தங்கள் மொழியிலேயே எழுதுவதற்கு இடம் கிடைத்தது என்பது உண்மையான நன்மை. தேவைக்கு மேல் இதழ்கள் முளைத்ததும் மதிப்பீடு சடங்காகிப்போனதும் அதன் விலை. தென்னாபிரிக்காவிலோ ஏற்கப்பட்ட இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசாங்கம் பல்கலைக்கழகத்துக்குப் பணம் செலுத்துகிறது. அங்கு ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டி வெளியிடும் பழக்கம் பற்றிய முறைப்பாடுகள் ஓயவில்லை. எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் எண்ணிக்கைதான் வளரும்.

எனக்குப் பிடித்த முன்னுதாரணங்கள் இரண்டு. முதலாவது தென்கொரியா. 1998 முதல் அங்கு இதழ்கள் முதலில் வேட்பு நிலையில் சேர்க்கப்பட்டு, மறு மதிப்பீட்டில் தேறிய பின்னரே பதிவு நிலைக்கு உயர்த்தப்படுகின்றன. கொரிய மொழிக் கட்டுரைகள் யாரை மேற்கோள் காட்டுகின்றன என்பதைக் கணக்கிட அவர்களுக்கென்றே ஒரு தேசிய மேற்கோள் சுட்டியும் உண்டு. ஆங்கில இதழ்களைக் கணக்கிடுவதற்காகக் கட்டிய தராசில் தங்கள் மொழியை வைத்து, எடை குறைவு என்று சொல்லும் அநியாயம் அங்கு ஓரளவு தவிர்க்கப்பட்டது. இரண்டாவது பிரேசில். 1997இல் சாவோ பாவ்லோ மாநில ஆய்வு நிதியத்தின் பணத்துடன் பத்து இதழ்களைக் கொண்டு தொடங்கப்பட்ட ஸைலோ தளம், போர்த்துக்கீச, ஸ்பானியக் கட்டுரைகளை வாசகரிடம் கட்டணம் வாங்காமலே உலகம் தேடக்கூடிய இடத்தில் வைப்பதைத் தன் வழியாக்கியது. அங்கு அரசுப் பணம் போனது கட்டமைப்புக்கு. தளம், குறியீடு, பயிற்சி, பாதுகாப்பு ஆகியவற்றையெல்லாம் ஒவ்வோர் இதழும் தனித்தனியே செய்து தவிக்க வேண்டியதில்லை என்பதே அதன் பலம்.

ஆகவே பட்டியலே வேண்டாம் என்று எழுதாதீர்கள். அது தட்டிக்கழிப்பதாகத் தோன்றும். புதிய இதழ் எங்கிருந்து தொடங்கி எத்தனை ஆண்டுகளில் எந்த உதவியுடன் எந்தப் படிக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லாத பட்டியல் வேண்டாம் என்று எழுதுங்கள்.

பதில்: பக்க வடிவமைப்பாளர், பண்டாரவளை

நான் கல்வியாளன் அல்லன். ஆய்விதழ்களுக்கும் மாநாட்டுத் தொகுதிகளுக்கும் பக்கம் கட்டுபவன். மேலே இருவரும் தொடாத ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்க் கட்டுரைகள் கணக்கில் வராமைக்கு மொழிப் புறக்கணிப்பு மட்டுமே காரணமன்று. பாதிக் குற்றம் நம்முடைய எழுத்துருவில் இருக்கிறது.

எனக்கு வரும் கட்டுரைகளில் கணிசமானவை இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. திரையிலும் தாளிலும் அழகாகத் தெரியும். ஆனால் கணினியின் உள்ளே இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல. அந்த பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பைதான் வந்து விழும். இடைவிலகல் என்று ஒருவர், இணையம் முழுவதும் பயன்படும் பொதுக் குறியீடான யூனிகோட்டில் தேடினால் அந்தக் கட்டுரை அகப்படவே அகப்படாது. கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட ஆசிரியையின் ஆய்வு நாளைக்கே தமிழில் வெளியானாலும், பாமினியில் வெளியானால் அது நூலக அலுமாரியிலிருந்து இணைய அலுமாரிக்கு மாறியதாகவே இருக்கும்.

யூனிகோட் மூல உரை, மூன்று மொழியிலும் தலைப்பும் சுருக்கமும், எழுத்தாளரை அடையாளங்காட்டும் ஓர்கிட் இலக்கம் ஆகியவற்றை அரச உதவி பெறும் ஒவ்வோர் இதழுக்கும் கட்டாயமாக்கினால் போதும். மாற்றியமைக்க மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும், அந்த மனித உழைப்புக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். இடப்பெயர்களும் அப்படியே. தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், சனங்களின் வாயில் ஒரு பெயர் என்றிருக்கும்போது இரண்டையும் திறவுச்சொற்களில் இடாவிட்டால் பாதி வாசகர் வழிதவறுவர்.

இணையத்தில் ஆய்விதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருள் இலவசமானதுதான். கனடாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகக் குழு 2001இலிருந்து அதை வளர்த்து வருகிறது. ஆனால் அதை நிறுவித்தந்த பையன் வேலை கிடைத்துக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போன பின், தளத்தின் பெயரைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவிராது. ஓராண்டு கழித்து அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் இருக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன். எனவே பாதுகாப்புப் பிரதி எங்கே வைக்கப்படும் என்பதைக் கொள்கையிலேயே எழுதி வையுங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாத்து 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம் தன்னார்வத்தால் செய்துவந்திருப்பதை அரசாங்கம் தன் கடமையாக ஏற்க வேண்டாமா?

பதில்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கண்டி

சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். ஆய்வுக்கும் அபிவிருத்திக்குமாக இந்த நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. ஆய்வுக்கே பணமில்லாதபோது ஆய்விதழுக்குக் கொள்கை வகுப்பது, அரிசி இல்லாத வீட்டில் பானைக்கு ஈயம் பூசுவதைப் போன்றது.

அடுத்தது மதிப்பீட்டாளர் பிரச்சினை. மலையக ஆய்வு என்பது ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டம். கட்டுரையாளரும் மதிப்பீட்டாளரும் ஒருவரையொருவர் அறியாத இருவழி மறைப்பு என்று பெயர் சொல்லிக் கட்டுரையாளரின் பெயரை நீக்கி அனுப்பினாலும், களம் இன்ன தோட்டம், இன்ன டிவிஷன் என்ற வரியைப் படித்தவுடனேயே இது யாருடைய மாணவரின் கட்டுரை என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு வருவது ஒன்றில் தயவு, அல்லது பழைய கணக்குத் தீர்ப்பு. நான் இரண்டையும் பெற்றிருக்கிறேன். இதற்கு விடை காணாமல் தமிழில் இன்னோர் இதழைத் தொடங்குவதால் என்ன பயன் என்பது என் ஐயம்.

பதில்: பதுளை விரிவுரையாளர்

ஐயா, உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு எளிதில் பதிலில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வட்டத்தை அகலப்படுத்துவதே வழி. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் தமிழில் எழுதும் ஆய்வாளர்கள் பலர் இருக்கின்றனர். தமிழ்நாடு அருகில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையை நாம் நினைப்பதேயில்லை. றப்பர்த் தோட்டத் தமிழரின் கல்வியையும் குடும்பத்தையும் ஆராய்ந்த ஒருவர், லயன் குடும்பத்தைப் பற்றிய கட்டுரையை நம்மவரைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்கக்கூடும், அவருக்கு நம்மில் யாரிடமும் பழைய கணக்கும் இராது. மதிப்பீட்டாளரின் குறிப்புகளைப் பெயரின்றிக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடும் முறையும் சில இதழ்களில் இருக்கிறது. தயவு தாட்சண்யத்துக்கு அது ஓரளவு கடிவாளமிடும்.

முதலாவது வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டுத் திறந்த அணுகல் இதழ்கள் பலவற்றில் ஒரேயொரு கட்டுரைக்கு அறவிடப்படும் கட்டணம் ஆயிரம் டொலரைத் தாண்டுகிறது. அப்படிச் சில கட்டுரைகளுக்கு நாட்டை விட்டு வெளியேறும் பணத்தில், உள்நாட்டு இதழ் ஒன்றுக்கு ஒரு பகுதிநேர உதவிப் பதிப்பாளரை ஓராண்டு முழுவதும் வைத்திருக்கலாம். பணம் குறைவாக இருப்பதுதான் அது எங்கே போக வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டியதற்குக் காரணம்.

கேள்வி கேட்டவர்: கொட்டகலை ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இதை வாசித்துக் காட்டினேன். முன்மொழிவின் முதற்பகுதியைப் பட்டியலிலிருந்து பதவியுயர்வு விதிகளுக்கு மாற்றுவதாகவும், இதழாசிரியர் பணியையும் மதிப்பீட்டுப் பணியையும் எண்ணத்தக்க பங்களிப்பாக ஏற்குமாறு கோருவதாகவும் முடிவாகியிருக்கிறது. யூனிகோட்டும் பாதுகாப்புப் பிரதியும் இரண்டாம் பகுதியில் வரும். பட்டியல் கேட்ட நண்பர்களும், படிநிலை என்றால் சம்மதம் என்கிறார்கள். எஞ்சியிருப்பது எங்கள் சொந்த இதழ் பற்றிய கேள்வி. தொடங்கலாமா?

பதில்: பேராதனை நூலகர்

உடனே தொடங்க வேண்டாம், ஐயா. முதல் மூன்று இதழ்களுக்கான கட்டுரைகளும், உங்கள் ஊரைச் சாராத பத்து மதிப்பீட்டாளர்களின் எழுத்துமூலச் சம்மதமும், இதழைத் தன் பெயரில் ஏற்கும் ஒரு நிறுவனமும் கையில் வந்த பின்னர் ஐஎஸ்எஸ்என் இலக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் தமிழ் ஆய்விதழ் ஒன்றிடம் மலையகக் கல்வி பற்றிய சிறப்பிதழ் ஒன்றைக் கேட்டுப் பெற்று, அதன் அழைப்பாசிரியராக இருந்து வேலையைப் பழகிக்கொள்ளலாம். அந்த ஆசிரியையின் கட்டுரையும் அதற்குள் வந்துவிடும். முதுமாணி ஆய்வேட்டிலிருந்து எழுதும்போது மேற்பார்வையாளரின் பெயரைச் சேர்ப்பதா இல்லையா என்பதை மட்டும் இப்போதே இருவரும் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிற்பாடு தகராறு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.